விறகு அடுப்பின் புகைபோக்கி: அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

உடனே வெளியேற வேண்டிய இரண்டு சமயங்கள்

மற்றதெல்லாம் அப்புறம். இந்த இரண்டில் ஒன்று இப்போது நடந்துகொண்டிருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், சொன்னதைச் செய்யுங்கள்.

புகைபோக்கிக்குள்ளிருந்து பெரும் இரைச்சல் கேட்கிறது. குழாய் அதிர்கிறது, உள்ளே படபடவென்று வெடிக்கிறது, உச்சியிலிருந்து தீப்பொறியோ தீக்கொழுந்தோ கிளம்புகிறது. உட்சுவரில் படிந்த கிரியோசோட் (புகையிலிருந்து ஒட்டிக்கொள்ளும் தார்) தீப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே வெப்பம் 1,100 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். அடுப்புக் கதவைச் சாத்துங்கள், காற்றுத் திறப்புகளை முழுவதும் மூடுங்கள், எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியே போய்த் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். கதவைச் சாத்தக்கூட நேரமில்லை என்று தோன்றினால் அப்படியே வெளியேறுங்கள். புகைபோக்கிக்குள் தண்ணீர் ஊற்றவே கூடாது. கொதிக்கும் சூட்டில் இருக்கும், புகைபோக்கியின் உட்சுவரான களிமண் உறை தண்ணீர் பட்டதும் பிளந்துவிடும், தீ அந்தப் பிளவு வழியாகச் சுவருக்குள் புகும். தீ தானாகவே அடங்கிவிட்டாலும், தகுந்தவர் உள்ளே முழுவதும் பார்த்து நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்லும்வரை அந்த அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். முதல் தீ உறையைப் பிளந்து வைத்திருக்கக்கூடும். அடுத்த தீ அந்தப் பிளவு வழியே வீட்டையே பற்றிக்கொள்ளும்.

இரண்டாவது, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒலிப்பது. கருவி ஒலிக்காவிட்டாலும், வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்து, வெளியே போனதும் சரியாகிறது என்றால் அதுவும் இதேதான். இந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. குழந்தைகள், வயதானவர்கள், வளர்ப்பு விலங்குகள் எல்லோரையும் வெளியே கொண்டுபோய், அவசர உதவியை அழைத்து, அவர்கள் உள்ளே போகலாம் என்று சொன்ன பிறகே திரும்புங்கள். ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைக்கு அருகிலும் இந்தக் கருவி இருக்க வேண்டும். அது இல்லாத வீட்டில் விறகு அடுப்பு எரிப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கீழே வரப்போகும் ஒவ்வொரு சோதனையும் அந்தக் கருவி வீட்டில் வேலை செய்துகொண்டிருக்கிறது என்ற அடிப்படையில்தான்.

தேடத் தொடங்குமுன் ஒரு விஷயம்

புகையை மேலே இழுப்பது சூடு. குழாயின் உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட எவ்வளவு சூடோ, குழாய் எவ்வளவு உயரமோ, அவ்வளவு பலமாக இழுப்பு இருக்கும். இந்த இழுப்புதான் புதுக் காற்றை அடுப்புக்குள் கொண்டுவருவதும். ஆகவே புகைபோக்கி குளிர்ந்தால் இழுப்பும் குறைகிறது, இழுப்பு குறைந்தால் தீ மந்தமாகிறது, தீ மந்தமானால் புகைபோக்கி இன்னும் குளிர்கிறது. குளிர்காலத்தில் வரும் பெரும்பாலான தொல்லைகள் இந்தச் சுழலில் எங்கோ ஓர் இடத்தில் தொடங்குகின்றன. புகை வந்தால் எல்லோரும் முதலில் குழாயைத்தான் சந்தேகிக்கிறார்கள். நான் முதலில் விறகைப் பார்ப்பேன், அப்புறம் அடுப்பை எரிக்கும் முறையை, அதற்கும் அப்புறம்தான் குழாயை.

எந்தச் சோதனைக்கும் உதவும் மூன்று சாதனங்கள் உண்டு: விறகின் ஈரம் பார்க்கும் மானி, குழாயில் ஒட்டவைக்கும் வெப்பமானி, நல்ல டார்ச் விளக்கு. விலை அதிகமில்லாதவை, ஆனால் ஊகத்தில் அலைவதை நிறுத்திவிடும். ஒற்றைச் சுவர்க் குழாயாக இருந்தால் வெப்பமானியை அடுப்பின் மேல்வாயிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்தில் வையுங்கள். வெளிப்பரப்பில் 120 முதல் 245 டிகிரி வரை காட்டினால் நல்ல எரிப்பு. இரட்டைச் சுவர்க் குழாயின் வெளிப்பக்கம் உள்சூட்டைக் காட்டாது. அதற்குத் துளையிட்டு உள்ளே நுழைக்கும் ஊசி வெப்பமானிதான் வேண்டும், அதன் அளவுகளும் வேறு.

பற்றவைத்தவுடனே புகை அறைக்குள் திரும்புகிறது. அரை மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது

இது குளிர்ந்த புகைபோக்கி. குறிப்பாக வீட்டின் வெளிச்சுவரை ஒட்டி மேலேறும் புகைபோக்கிகளில் இரவு முழுவதும் உள்ளே குளிர்காற்று நிரம்பிக் கனத்து நிற்கும். பற்றவைக்குமுன் அடுப்புக் கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டிப் பாருங்கள். மேலிருந்து சில்லென்று காற்று இறங்கினால், இந்த நிலையில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. முதலில் இறங்கும் காற்றைத் திருப்ப வேண்டும்.

அடுப்பு இருக்கும் தளத்தில், முடிந்தால் காற்று வீசும் பக்கத்துச் சன்னலை ஒன்றிரண்டு விரல் அளவு திறங்கள். அடுப்புக்குள் மேலே படுத்திருக்கும் தடுப்புத் தகட்டுக்கு அருகே, குழாயின் வாயைப் பார்த்தபடி ஒரே ஒரு செய்தித்தாளைச் சுருட்டி எரியுங்கள். காகிதம் எரிக்க முடியாவிட்டால், தணலே இல்லாத குளிர்ந்த அடுப்பில், முடி உலர்த்தும் கருவியால் சில நிமிடம் வெப்பக்காற்று ஊதுவதும் நன்றாகவே வேலை செய்கிறது. இழுப்பு மேல்நோக்கித் திரும்பிவிட்டதை ஊதுபத்திப் புகையைக் காட்டிப் பார்க்கலாம்.

அப்புறம், தீயை மேலிருந்து கீழாக மூட்டிப் பழகுங்கள். பெரிய கட்டைகள் அடியில், நடுத்தரமானவை அதன்மேல், சுள்ளிகளும் பற்றவைக்கும் பொருளும் உச்சியில். தீ மேலே தொடங்குவதால் குழாய் உடனே சூடேறுகிறது, கீழே உள்ள கட்டைகள் மெல்ல மெல்லப் பிடித்துக்கொள்கின்றன. முதல் அரை மணி நேரத்துப் புகையில் பெரும்பகுதி இந்த ஒரு மாற்றத்தாலேயே குறைந்துவிடும்.

இத்தனை செய்தும் ஒவ்வொரு நாளும் இதே தொல்லை என்றால், வீடே புகைபோக்கியோடு போட்டி போடுகிறது. சூடான வீட்டின் காற்றும் மேலேறித்தான் போகும். மாடியில் சன்னலோ பரண் கதவோ கசிந்தால் வீடு முழுவதும் ஒரு பெரிய புகைபோக்கியாகி, அசல் புகைபோக்கி வழியாகக் காற்றைக் கீழே உறிஞ்சும். அடுப்பு தரைக்குக் கீழ்த்தளத்தில் இருந்தால் இது இன்னும் கடுமை. திறக்க வேண்டியது கீழ்த்தளச் சன்னல், மூட வேண்டியது மேல்தளக் கசிவு. பலரும் புகையை வெளியேற்றுவதற்காக மாடிச் சன்னலைத் திறந்து நிலைமையை மோசமாக்குகிறார்கள்.

சமையலறை விசிறி ஓடும்போது மட்டும் புகை வருகிறது

விசிறியை நிறுத்தி, அடுப்புக்கு அருகிலுள்ள சன்னலைக் கொஞ்சம் திறங்கள். புகை நின்றுவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. அடுப்படிப் புகையுறிஞ்சி, குளியலறை விசிறி, துணி உலர்த்தி மூன்றும் வீட்டுக் காற்றை வெளியே தள்ளுகின்றன. நன்றாக அடைத்துக் கட்டிய வீட்டில் அந்தக் காற்றுக்கு ஈடு வர ஒரே வழி புகைபோக்கிதான். அடுப்பு எரியும்போது அந்த விசிறிகளை ஓட்டாமல் இருப்பது தற்காலிகத் தீர்வு. நிரந்தரமாக, அடுப்புக்கென்று வெளியிலிருந்து காற்றுக் குழாய் அமைக்கலாம், அல்லது விசிறிக்கு ஈடான காற்று வரும் வழி ஏற்படுத்தலாம்.

சில வாரங்களாக இழுப்பு மெல்லக் குறைந்துகொண்டே வருகிறது

திடீரென்று வரும் தொல்லையைவிட இதை நான் அதிகம் கவனிப்பேன். பருவத்தின் தொடக்கத்தில் நன்றாக எரிந்த அடுப்பு, நாளாக நாளாகக் காற்றை முழுவதும் திறந்துவைத்தாலும் சோம்பலாக எரிகிறது, விறகு போடக் கதவைத் திறந்தாலே புகை சுருண்டு வருகிறது. எங்கோ அடைத்துக்கொண்டு வருகிறது.

முதலில் பார்க்க வேண்டிய இடம் உச்சித் தொப்பி. புகைபோக்கியிலேயே அதிகம் குளிரும் இடம் அதுதான், அதனால் கரியும் கிரியோசோட்டும் முதலில் அங்கேதான் பிடிக்கின்றன. தொப்பியைச் சுற்றித் தீப்பொறி தடுக்கும் கம்பி வலை இருந்தால், அதன் கண்கள் கம்பளி போர்த்தியதுபோல் அடைத்திருக்கும். கீழே நின்றபடி தொலைநோக்கியால் பார்த்தாலே பெரும்பாலும் தெரியும். குழாய் சுத்தமாக இருந்தும் வலை மட்டும் அடைத்திருக்கலாம். வலையைக் கழற்றித் துலக்குங்கள். தொல்லை தருகிறதே என்று வெட்டி எறியாதீர்கள். தீப்பொறியைக் கூரைமேல் விழாமல் தடுப்பதும் பறவைகளைத் தள்ளிவைப்பதும் அதன் வேலை, சில இடங்களில் அது கட்டாயமும்கூட. அடிக்கடி அடைத்துக்கொள்கிறது என்றால் வலை உங்களுக்குச் செய்தி சொல்கிறது: தீ மந்தமாக எரிகிறது, அல்லது விறகு ஈரம்.

இரண்டாவது இடம், அடுப்புக்குள் நெருப்புக்கு மேலே படுத்திருக்கும் தடுப்புத் தகடு. குழாயிலிருந்து உதிரும் கரியெல்லாம் அதன் முதுகில் குவிகிறது. புகைபோக்கியைத் துலக்கிய மறுநாளே அடுப்பு முன்பைவிட மோசமாகப் புகைந்தால், துலக்கியபோது விழுந்தது முழுவதும் அங்கேதான் கிடக்கிறது. தகட்டை எடுக்க முடிந்தால் எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். வெர்மிகுலைட் என்ற லேசான கனிமப் பலகையாக இருந்தால் மெதுவாகக் கையாளுங்கள், எளிதில் உடையும். திரும்ப வைக்கும்போது சரியாகப் பின்னுக்குத் தள்ளி வையுங்கள். இடம் மாறிய தகடும் இழுப்பைக் கெடுக்கும்.

மூன்றாவது, குழாயின் வளைவுகள். படுக்கையாகப் போகும் பகுதியில் சாம்பலும் கரியும் தங்கும். 90 டிகிரி வளைவு இரண்டுக்கு மேல் இருந்தால், இதே தொல்லை ஒவ்வொரு ஆண்டும் திரும்பும். நேராக மேலேறும் குழாய்க்கு இணையே இல்லை.

வினையூக்கி (புகையை எரிக்க உதவும் பாகம்) பொருத்திய அடுப்பு என்றால் நான்காவது இடமும் உண்டு. தேன்கூடு வடிவ வினையூக்கியின் கண்களில் பறக்கும் சாம்பல் அடைத்துக்கொள்ளும். அடுப்பு முழுவதும் ஆறியபின் மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள், கம்பியால் குத்தாதீர்கள். நெருப்பு சுமார் 260 டிகிரி சூடேறுமுன் வினையூக்கிப் பாதையை இயக்குவதுதான் அது அடைத்துக்கொள்வதற்கு வழக்கமான காரணம்.

அடுப்புக் கதவின் கண்ணாடி கறுக்கிறது, உச்சியிலிருந்து கனத்த புகை போகிறது

பற்றவைத்த முதல் 20, 30 நிமிடம் புகை தெரிவது இயல்பு. அதற்குப் பிறகும் சாம்பல் நிறத்திலோ நீலமாகவோ அடர்ந்து போனால், எரிய வேண்டிய எரிபொருள் எரியாமல் மேலே போகிறது. வெளியே குளிராக இருக்கும்போது வெள்ளையாகக் கிளம்பிச் சட்டென்று கரைவது நீராவி, அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

விறகைப் பாருங்கள். ஒரு கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உட்பக்கத்தில் ஈரமானியைக் குத்துங்கள். முனையிலோ மேல்புறத்திலோ குத்தினால் உலர்ந்ததாகவே காட்டி ஏமாற்றும். 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மானி இல்லையா? இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் உலர்ந்தது, தொப்பென்று மங்கலாகக் கேட்டால் ஈரம். எரியும்போது கட்டையின் முனையில் நுரை கொதித்து இஸ்ஸென்று சத்தம் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

புதிதாக வெட்டிய 10 கிலோ விறகில் 4, 5 லிட்டர் தண்ணீர் இருக்கக்கூடும். தீ அதையெல்லாம் ஆவியாக்கிய பிறகுதான் வீட்டைச் சூடாக்கப் போகிறது. அந்த ஆவி புகையையும் குளிர்வித்து, மேலே போய்க் குழாயின் சுவரில் தாரைச் சேர்த்துக்கொண்டு நீராக இறங்குகிறது. நன்கு உலர்ந்த விறகும் எரியும்போது ஒரு கிலோவுக்குச் சுமார் அரை லிட்டர் தண்ணீரை உண்டாக்கத்தான் செய்யும், அது விறகில் உள்ள ஹைட்ரஜனிலிருந்து வருவது, தவிர்க்க முடியாது. அதோடு நாம் வேறு ஈரம் சேர்க்கக் கூடாது.

குளிர்காலத்தின் நடுவில் விறகை உலர்த்த முடியாது. மென்மரம் உலர 6 மாதத்திலிருந்து ஓராண்டு, வன்மரத்துக்கு ஓராண்டிலிருந்து 2 ஆண்டு, சிலவற்றுக்கு அதற்கும் மேல் ஆகும். இப்போது செய்யக்கூடியது: சிறிதாகப் பிளந்துகொள்ளுங்கள், வரும் சில நாளுக்கான விறகை வீட்டுக்குள் அடுக்கிவையுங்கள் (அடுப்பிலிருந்து, அடுப்பின் கையேடு சொல்லும் இடைவெளி விட்டு), சூளையில் உலர்த்திய விறகோ அழுத்திய மரத்தூள் கட்டைகளோ வாங்கிக் கலந்து எரியுங்கள். அழுத்திய கட்டைகள் மிகவும் சூடாக எரியும். வழக்கமான அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

விறகு உலர்ந்ததுதான், இருந்தும் கண்ணாடி கறுக்கிறது என்றால் காற்றை மிகவும் குறைத்து எரிக்கிறீர்கள். இரவு முழுவதும் தீ நிற்கட்டும் என்று அடுப்பை நிரப்பிக் காற்றை மூடிவிடும் வழக்கம்தான் புகைபோக்கியைக் கெடுக்கும் முதல் எதிரி. கண்ணாடியின் ஒரே ஒரு மூலை மட்டும் கறுத்தால் கதையே வேறு. அங்கே கதவிடுக்கில் காற்றுப் புகாமல் அடைக்கும் கேஸ்கெட் கயிறு நைந்திருக்கும். ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். எளிதாக உருவி வந்தால் அந்த இடத்துக் கயிறை மாற்ற வேண்டும். கறுத்த கண்ணாடியைத் துடைக்க, அடுப்பு ஆறியபின் ஈரக் காகிதத்தில் கொஞ்சம் நயமான சாம்பலைத் தொட்டுத் தேய்த்தாலே போதும்.

உள்ளே பார்த்தேன், கறுப்பாகப் படிந்திருக்கிறது. ஆபத்தா?

எப்படிப்பட்ட கறுப்பு என்பதைப் பொறுத்தது. அடிக்கடி எரிக்கும் வீட்டில் மாதம் ஒரு முறையாவது, புகைபோக்கியின் அடியில் கரி எடுக்கும் அடிக்கதவைத் திறந்து, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றையும் டார்ச்சையும் வைத்து மேலே பாருங்கள். அடுப்பு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். அடிக்கதவே இல்லாத அமைப்பில், தடுப்புத் தகட்டை எடுத்தால் குழாய் தெரியும்.

தூசுபோல் மென்மையாக, விரலால் தொட்டால் உதிரும் கரி. இது நல்ல எரிப்பின் சாதாரணக் கழிவு. தூரிகை ஒரு தேய்ப்பில் எடுத்துவிடும்.

பளபளப்பான சிறு செதில்கள், சோளப்பொரிபோல் நொறுங்குபவை. இது கொஞ்சம் கவனிக்க வேண்டியது. தூரிகையால் எடுக்கலாம், ஆனால் அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கும். நீங்கள் காற்றைக் குறைத்து எரிக்கும் நேரம் அதிகமாகிவிட்டது என்பதை இது காட்டுகிறது.

தார் ஊற்றிக் காயவைத்ததுபோல் வழவழப்பான, கெட்டியான பூச்சு. இங்கே நிறுத்துங்கள். தூரிகை இதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும், எதையும் எடுக்காது. கம்பித் தூரிகையால் அழுத்திச் சுரண்டப் போனால் உறைதான் பழுதாகும். புகைபோக்கி துலக்கும் தொழில்முறையாளர்கள் சுழலும் சங்கிலிக் கருவியாலோ, பூச்சை நொறுங்கக்கூடியதாக மாற்றும் மருந்துப் பொடியாலோ இதை எடுக்கிறார்கள். அவர்கள் வந்து எடுக்கும்வரை அடுப்பை எரிக்காதீர்கள். வீடு குளிர்ந்தால் வேறு ஏதாவது வெப்பத்துக்கு வழி பாருங்கள். இந்தப் பூச்சுதான் முதலில் சொன்ன புகைபோக்கித் தீக்கு எரிபொருள்.

தடிமனுக்கும் ஓர் அளவு உண்டு. எந்த வகையாக இருந்தாலும் 3 மில்லிமீட்டர் சேர்ந்துவிட்டால் துலக்கும் நேரம் வந்துவிட்டது. 6 மில்லிமீட்டர் என்றால் அடுத்த தீயே கூடாது. ஒரு கம்பியின் முனையால் சுரண்டிப் பார்த்தால் தடிமன் தெரியும்.

நுரைபோல் உப்பி, லேசாக, தேன்கூடுபோல் ஓட்டைகளோடு இருக்கும் கறுப்புக் கட்டிகள் கிடந்தால், உங்களுக்குத் தெரியாமலே ஏற்கெனவே ஒரு புகைபோக்கித் தீ நடந்திருக்கிறது. எல்லாத் தீயும் இரைச்சலோடு வருவதில்லை. தொப்பி நெளிந்திருப்பது, கூரையிலும் தரையிலும் கரிச் செதில்கள் சிதறியிருப்பது, உலோகக் குழாய் நிறம் மாறியிருப்பது இவையும் அதே அடையாளம். ஆய்வு முடியும்வரை பற்றவைக்க வேண்டாம்.

இந்தப் படிவு எங்கிருந்து வருகிறது என்பதை ஒரே வரியில் சொல்லலாம்: எரியாத தார் ஆவி சுமார் 120 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த சுவரில் ஒட்டிக்கொள்கிறது. உலர்ந்த விறகு, தீக்கொழுந்து தெரியும் எரிப்பு, சூடான குழாய் மூன்றும் இருந்தால் தார் அடுப்புக்குள்ளேயே எரிந்து வெப்பமாகிவிடும். கடையில் கிடைக்கும் புகைபோக்கி சுத்தம் செய்யும் கட்டையை எரிப்பதால் சில படிவுகள் காய்ந்து உதிர்வது உண்மைதான். ஆனால் உதிர்ந்ததை யாராவது வெளியே எடுக்க வேண்டும், அது தூரிகையின் இடத்துக்கு வராது.

குழாயின் மூட்டிலிருந்து கறுப்பு நீர் வடிகிறது

மூட்டைப் பாருங்கள். குழாயின் சுருக்கிய முனை கீழ்நோக்கி, அடுப்பின் பக்கம் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் உள்ளே இறங்கும் தார் உள்ளேயே ஓடி அடுப்பில் விழுந்து எரிந்துவிடும். தலைகீழாகப் பொருத்தியிருந்தால் ஒவ்வொரு மூட்டிலும் வெளியே கசியும். வெளிப்பக்கம் சிமென்ட் பூசி அடைப்பது தீர்வல்ல, கழற்றித் திருப்பிப் பொருத்தி ஒவ்வொரு மூட்டிலும் 3 திருகு போடுங்கள். படுக்கையாகப் போகும் குழாய், புகைபோக்கியை நோக்கி மீட்டருக்கு 2 சென்டிமீட்டராவது ஏறிப் போக வேண்டும்.

திருப்பிப் பொருத்தினால் கறை மறையும், ஆனால் தார் உண்டாவது நிற்காது. அவ்வளவு நீர் இறங்குகிறது என்றால் குழாய் அளவுக்கு மீறிக் குளிர்கிறது. விறகை முதலில் சந்தேகியுங்கள். அடுத்து அடிக்கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அதன் வழியே நுழையும் குளிர்காற்று புகையை நேராகக் குளிர்விக்கும். மூன்றாவது சந்தேகம், புகைபோக்கி அடுப்புக்கு மிகப் பெரியதாக இருப்பது. பழைய திறந்த கணப்புக்காகக் கட்டிய செங்கல் புகைபோக்கியில் புது அடுப்பை இணைத்த வீடுகளில் இது சகஜம். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள, அடுப்பின் புகை வெளியேறும் வாயின் பரப்பு சுமார் 177 சதுர சென்டிமீட்டர். அதை 30க்கு 30 புகைபோக்கியில் விட்டால் 900 சதுர சென்டிமீட்டர், 5 மடங்கு. வீட்டுக்குள் ஏறும் புகைபோக்கி 3 மடங்கையும், வெளிச்சுவரில் ஏறுவது 2 மடங்கையும் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி. இதற்குத் தீர்வு அடுப்பின் அளவுக்கு, வெப்பக்காப்பு சுற்றிய துருப்பிடிக்காத எஃகுக் குழாயை உள்ளே இறக்குவது. செலவுதான், ஆனால் அதற்குப் பிறகு அதே அடுப்பு வேறு அடுப்பாகிவிடும்.

மழை பெய்த பிறகு மட்டும் வடிகிறது என்றால் அது தார் அல்ல, மழைநீர் கரியைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. தொப்பியையும் கூரையும் புகைபோக்கியும் சேருமிடத்துத் தகட்டையும் பாருங்கள். செங்கல்லில் வெள்ளை உப்புப் பூத்து, சாந்து உதிர்ந்தால் ஈரம் பல நாளாக ஊறுகிறது என்று அர்த்தம்.

காற்றடிக்கும் நாளில் மட்டும் புகை தள்ளுகிறது

உயரம் போதவில்லை. கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து புகைபோக்கி 0.9 மீட்டராவது உயர வேண்டும். அதோடு, சுற்றி 3 மீட்டருக்குள் கூரையின் எந்தப் பகுதி இருந்தாலும் அதைவிட 0.6 மீட்டர் உயரமாக இருக்க வேண்டும். குழாயின் ஒரு துண்டைக் கூட்டினாலே பெரும்பாலும் சரியாகும். உயரம் சரியாக இருந்தும் அருகில் மலையோ பெரிய மரமோ காற்றைக் கீழே திருப்பினால், காற்றுக்கு ஏற்ப முகம் திருப்பும் தொப்பி உதவும்.

அடுப்பு கட்டுக்கடங்காமல் எரிகிறது, குழாய் சிவக்கிறது

காற்றுத் திறப்பை மூடுங்கள், கதவைத் திறக்காதீர்கள், பக்கத்தில் எரியக்கூடிய பொருள் இருந்தால் விலக்குங்கள். அடுத்த சில நிமிடத்தில் தணியவில்லை அல்லது குழாய்க்குள் இரைச்சல் கேட்கிறது என்றால் முதல் பகுதிக்குப் போங்கள்.

தணிந்த பிறகு காரணம் தேடுங்கள். சாம்பல் தட்டின் கதவு திறந்திருந்ததா? தீ சீக்கிரம் பிடிக்கட்டும் என்று அதைத் திறந்துவிட்டு வேறு வேலைக்குப் போவது மிகவும் ஆபத்தான பழக்கம், அடியிலிருந்து கட்டுப்பாடில்லாமல் காற்று ஏறும். நைந்த கேஸ்கெட், விரிசல் விட்ட அடுப்பு உடல், ஒரே நேரத்தில் அதிகச் சுள்ளி போட்டது இவையும் காரணமாகலாம். எல்லாம் சரியாக இருந்தும் கடுங்குளிர் நாளில் மட்டும் இப்படி ஆகிறது என்றால் உயரமான புகைபோக்கி அளவுக்கு மீறி இழுக்கிறது, குழாயில் டேம்பர் (இழுப்பைக் குறைக்கும் திருப்புத் தகடு) பொருத்துவது பற்றி அடுப்பைத் தயாரித்தவரிடமோ நிறுவியவரிடமோ கேளுங்கள்.

‘டப்’ என்று ஒரு வெடி. மூட்டுகளிலிருந்து புகை பீறிட்டது

தணல்மேல் அடுப்பு நிறைய விறகு போட்டு, கொழுந்து பிடிக்குமுன்பே காற்றைக் குறைத்தால் இப்படி நடக்கும். விறகு சூட்டில் வாயுவைக் கக்குகிறது, எரிக்கக் காற்றும் கொழுந்தும் இல்லை, வாயு அடுப்பெங்கும் நிறைகிறது. ஒரு பொறி கிளம்பினால் மொத்தமும் ஒரே கணத்தில் எரிகிறது. புது விறகு நன்றாகக் கொழுந்துவிட்ட பிறகே காற்றைப் படிப்படியாகக் குறையுங்கள். கண்ணாடிக்குள் கொழுந்தே இல்லாமல் புகை மட்டும் சுழல்வதைக் கண்டால் அந்த நேரத்தில் கதவைத் திறக்கவே கூடாது. காற்றுத் திறப்பை மெல்லத் திறந்து, கொழுந்து வரும்வரை தள்ளி நில்லுங்கள். வழக்கமாக விறகு போடும்போதும் இதே ஒழுங்குதான்: முதலில் காற்று, ஒரு நிமிடம் கழித்துக் கதவை இரண்டு விரல் அளவு, சில நொடிக்குப் பின் முழுவதும்.

விடிகாலையில் வீட்டுக்குள் புகைநெடி

தீ அணையும் தறுவாயில் இழுப்பு மிகக் குறைவு. வெளிச்சுவர்ப் புகைபோக்கி என்றால் அந்த நேரத்தில் காற்று திரும்பி இறங்கத் தொடங்கிவிடும். கரியாகிப்போன தணலிலிருந்து புகை வராது, ஆனால் கார்பன் மோனாக்சைடு நிறைய வரும். ஆகவே இதை வெறும் நெடி என்று ஒதுக்காதீர்கள். படுக்கப்போகும்போது காற்றை முழுவதும் மூடாதீர்கள், தணலை முன்பக்கம் காற்று வரும் வாய்க்கருகே இழுத்துவைத்தால் சூடாக எரிந்து முடியும். வெளியே இதமாக இருக்கும் நாட்களில் இரவுத் தீயே வேண்டாம், மாலையில் சிறிதாகக் கொழுந்துவிட எரித்து முடித்துவிடுங்கள். அப்படியும் நெடி வந்தால் வெளிப்புறக் குழாய்க்கு வெப்பக்காப்புத் தேவை.

பருவத்தின் நடுவில் துலக்குவது

ஆண்டுக்கு ஒரு முறை ஆய்வு என்பது குறைந்தபட்சம். தினமும் எரிப்பவர்களுக்குக் குளிர்காலத்தின் நடுவில் இன்னொரு முறை துலக்க வேண்டி வரும்.

பனியோ உறைபனியோ இருக்கும் கூரையில் ஏறாதீர்கள். இதற்கு விலக்கே கிடையாது. வளையும் கம்பிகளை ஒன்றோடொன்று கோத்துக் கீழிருந்தே துலக்கும் கருவிகள் இருக்கின்றன, அவற்றை வைத்து அடுப்பு வழியாகவே உச்சிவரை போகலாம். அதுவும் முடியாத அமைப்பு என்றால் தொழில்முறையாளரை அழையுங்கள்.

அடுப்பு ஒரு முழு நாளாவது ஆறியிருக்கட்டும். முகமூடி, கண்ணாடி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கரி நுரையீரலுக்கு நல்லதல்ல. அடுப்பின் முன் பழைய துணியை விரித்து, கதவு வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, கம்பி நுழையும் அளவு மட்டும் ஓட்டை விடுங்கள். தூரிகையின் அளவு குழாயின் உள்விட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். எஃகு உறைக்கு நைலான் போன்ற தூரிகை, களிமண் உறைக்குக் கம்பித் தூரிகை. தூரிகை உச்சியைத் தொட்டதை உணர்ந்தபின் அதைக் கீழே இறக்குங்கள், வளைவுகளில் இரண்டு மூன்று முறை கூடுதலாக ஓட்டுங்கள். கம்பியைத் திருகும்போது எப்போதும் மூட்டு இறுகும் திசையிலேயே திருகுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் தூரிகை மேலேயே கழன்று நின்றுவிடும்.

விழுந்த கரியை எடுக்க வீட்டுத் தூசு உறிஞ்சியைப் பயன்படுத்தாதீர்கள். நுண்ணிய கரி அதன் வடிகட்டியைத் தாண்டி வீடெங்கும் பரவும், ஒரு கங்கு ஒளிந்திருந்தால் உறிஞ்சியே தீப்பிடிக்கும். சிறு மண்வாரியால் அள்ளி, மூடியுள்ள உலோக வாளியில் போட்டு, உடனே வெளியே கொண்டுபோய் எரியாத தரையில் வையுங்கள். சாம்பலுக்குள் கங்கு பல நாள் உயிரோடு இருக்கும், வீட்டுக்குள் வைத்தால் அந்த வாளியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். தடுப்புத் தகட்டின் முதுகைச் சுத்தம் செய்து திரும்பப் பொருத்துங்கள், அடிக்கதவை இறுக மூடுங்கள். முதல் தீயைச் சிறிதாக மூட்டி, மூட்டுகளின் பக்கத்தில் ஊதுபத்திப் புகையைக் காட்டிப் பாருங்கள். புகை மூட்டுக்குள் இழுபட்டால் அங்கே காற்று கசிந்து உள்ளே போகிறது, அந்த மூட்டை இறுக்கிவிட்டுத்தான் அடுத்த விறகு.